டீச்சர் மாட்டிவைத்த குடை

கறுப்புக் குடை அது. ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை, வளைந்த கைப்பிடி. கைப்பிடியில் எப்போதோ விரிசல் விட்டிருந்ததால் அதன் மேல் மஞ்சள் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். அந்த நூலைச் சுற்றிக் கொடுத்தவள் நான்தான். எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில், மேற்குப் பக்க ஜன்னல் கம்பியில் அந்தக் குடை அப்போது எந்நேரமும் தொங்கிக்கொண்டிருக்கும். வெயில் கொளுத்தினாலும் மழை கொட்டினாலும் யாரும் அதை எடுத்து விரித்து நான் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் யாராவது மழை நாளில் அதன் மேல் கை வைத்தால், நான் இருக்கிற இடத்தில் இருந்தே ஒரு சத்தம் போடுவேன். என் சத்தத்துக்குப் பயந்தே பலர் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

குடைக்குச் சொந்தக்காரரை நாங்கள் டீச்சர் என்று கூப்பிட்டோம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. எங்கள் கம்பெனி ஆளும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் இருந்து வந்தவர். ஆளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அத்தோடு தலைமறைவாகிறவர்கள் திருப்பூரில் ஏராளம். இவர் அப்படி இல்லை. ஆளோடு கூடவே வந்து உட்கார்ந்து, வேலையைப் பழக்கி, பக்கத்தில் இருக்கிற எங்களையும் பழக்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதுதான் அவருடைய வேலையே. "வெலகிப் போறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதான் டீச்சர்" என்று நான் கேலி செய்வேன். "ஆமாங்க, எவ்வளவு மெதுவா வெலகறனோ அவ்வளவுக்கு நல்ல டீச்சருங்க" என்பார். கொமரலிங்கத்துக்காரர். அமராவதி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெருமை இருந்ததால், எங்கள் கேன் தண்ணீரை ஒவ்வொரு தடவை வாயில் ஊற்றும்போதும் முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் விழுங்குவார்.

முதல் வாரம் அவர் தனியாகத்தான் வந்தார். கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். என் மேஜை மடிப்பு மேஜை. பனியனை அட்டை வைத்து மடித்து, அளவு ஸ்டிக்கர் ஒட்டி, பாலித்தீன் பையில் போட்டு, பையின் வாயை ஒட்டி அடுக்க வேண்டும். டீச்சர் மடித்த முதல் பனியனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பனியனா, பிஞ்சுபோன ஊத்தப்பமா டீச்சர்?" என்றேன். மேஜையே சிரித்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் என் வேலையை அவர் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார். மடிப்பது உங்களுடைய வேலை, பையில் போடுவதை மட்டும் என்னோடு வருகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அதற்கு ஒரு வாய்ப்பாடும் உண்டாக்கினார்: "கழுத்து மேல, ஸ்டிக்கர் முன்னால, காத்தை அமுக்கு, வாயை ஒட்டு." இன்றைக்கும் என் செக்‌ஷனில் புதிதாகச் சேருகிற வடநாட்டுப் பையன்கள்கூட அர்த்தம் தெரியாமலே அதைச் சொல்லிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

அடுத்த வாரம் டீச்சரோடு அந்தப் பெண் வந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அதனால்தான் 'அவள்' என்று எழுதுகிறேன். இருபது வயது தாண்டியவள். பிறவியிலேயே அறிவு வளர்ச்சியில் குறைபாடு. பேச்சு நிதானமாக வரும், ஒரு விஷயம் மனதில் ஏறவும் நிதானமாகத்தான் ஏறும், ஏறிவிட்டால் இறங்காது. பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம். முருகனைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்காது. இப்போது அவளுடைய அண்ணன் வீட்டோடு சேர்த்து நாலைந்து தையல் மிஷின் போட்டு வேலை எடுத்துச் செய்கிறவர். முதல் நாள் செக்‌ஷனே அவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தது. டீச்சர் ஒவ்வொருவரிடமும் போய், "பாப்பான்னு வேண்டாமுங்க. நம்மள மாதிரி வேலைக்கு வந்தவங்க. வாங்க, உக்காருங்கன்னே சொல்லலாமுங்க" என்றார். 'வாங்க' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் தங்கச்சி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் அவளுக்கு உயிரையே கொடுப்பார்கள். ஆனால் யாரும் அவளை வாங்க என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலை பிடிபட்டது. டீச்சர் விலக ஆரம்பித்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் எதிர் மேஜைக்குப் போனார், அங்கிருந்து கதவோரம், அப்புறம் மாடிப்படி. கதவோரம் வரைக்கும் சிக்கல் இல்லை. மாடிப்படிக்கு இறங்கிய அன்று தங்கச்சியின் கை நின்றுவிட்டது. எழுந்து போய்த் தேடினாள், அழுதாள். நான் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. மறுநாள் டீச்சர் இந்தக் குடையோடு வந்தார். அவள் கண்ணெதிரே ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, அவள் கையை எடுத்து, முதல் வாரமே நான் சுற்றிக் கொடுத்திருந்த அந்த மஞ்சள் நூல் மேல் வைத்தார். "இங்க பாருங்க கண்ணு, என்ற கொடை இங்க இருக்குதுன்னா நானும் இங்கதான் இருக்கறேன். கீழ டீ குடிப்பேன், ஆபீசுல பேசிட்டிருப்பேன். ஆனா இங்கதான் இருக்கறேன். செரிங்களா?" தங்கச்சி குடையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தலையாட்டினாள். அன்றைக்கு டீச்சர் படியில் இறங்கியபோது அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

அதன் பிறகு டீச்சர் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும் என்று ஆனது. அவருக்கு வேறு கம்பெனிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். குடை மட்டும் நிரந்தரமாக எங்களோடு தங்கிவிட்டது. அதில் டீச்சருக்கு முழு நிம்மதி இல்லை. "இது ஒரு வகைல பொய்தானுங்க" என்பார். "இதையும் மெல்ல எடுக்கோணும். மொதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள். அடுத்த மாசம் ஆரம்பிக்கலாமுங்க." எனக்கோ அது பொய்யாகவே படவில்லை. நான் தெற்கே கரிசல் காட்டில் இருந்து இந்த ஊருக்கு வந்தபோது என் அத்தை மகள் கூடவே வந்தாள். என்னை வேலைக்குச் சேர்த்து, பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, எது கத்தரி, எது டிரிம்மர், எந்த மேனேஜர் முன்னால் சிரிக்கக் கூடாது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் அவள் விட்டுப்போன டிபன் பையைத்தான் நான் ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இந்த ஊரில் தனியாக வந்து தானாக நின்றவர் யார்? எங்களுக்கு அப்படி ஒரு துணை கிடைத்தபோது அதற்குப் பேரே கிடையாது. தங்கச்சிக்குக் கிடைத்தபோது மட்டும் அது ஒரு திட்டமாகவும், முடிகிற தேதி உள்ள உதவியாகவும் ஆகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும்.

அந்த நாட்களில் அவள் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றவே மாட்டாள். கோயிலுக்கும் அதோடுதான் போவாளாம். கிருத்திகை தவறாமல் மறுநாள் காகிதத்தில் மடித்த திருநீறு கொண்டுவந்து மேஜை மேஜையாகக் கொடுப்பாள். நான் மாதாகோயிலுக்குப் போகிறவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் நெற்றிக்குப் பதிலாக என் மடிப்பு அட்டையின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டாள். அந்த அட்டை அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. மதியம் டப்பாவைத் திறந்ததும் முதல் வாய்ச் சோற்றை எனக்கு நீட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். "அக்கா, நாளைக்கும் வேலை இருக்குதுங்களா?" என்று தினமும் சாயங்காலம் கேட்பாள். இருக்கு என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். வேலை இருக்கிறது என்பதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட இன்னொரு ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஆடிட் வந்தது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் வந்து கம்பெனியைப் பார்த்துப் போவதற்குத்தான் அந்தப் பெயர். ஆடிட் என்றால் எங்களுக்குக் கல்யாண வீட்டு வேலை மாதிரி. வெள்ளையடிப்பார்கள், கழிப்பறைக்குச் சோப்பு வரும், தரையில் நடைவழியைக் காட்டும் மஞ்சள் கோடு புதிதாக மின்னும். அந்தத் தடவை இன்னொரு விசேஷமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறோம் என்பதை மேனேஜர் காட்ட ஆசைப்பட்டார். தங்கச்சியைத்தான் காட்டப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்குப் புதுச் சுடிதார் எடுத்து வைத்திருப்பதாக அண்ணன், அவளைத் தினமும் கூட்டிவரும் கம்பெனி வேன்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி விதிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர் செக்‌ஷனைச் சுற்றி வந்தார். நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டார். "ஏனுங்க அக்கா, அந்தக் கொடை யாருதுங்க?" என்றார். சொன்னேன். எதற்காகத் தொங்குகிறது என்பதையும் சொன்னேன். அவர் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க அக்கா. ஒடஞ்ச ஊசி இருக்குதான்னு ஒவ்வொரு பீஸையும் மிஷின்ல விட்டுப் பாத்துத்தான் இந்த ரூமுக்கு அனுப்பறோம். அதுக்கு மேலயே இத்தனை இரும்புக் கம்பி தொங்குனா என்னுங்க பதில் சொல்றது?" நான் விடவில்லை. "தம்பி, அது இல்லைன்னா அந்தப் புள்ள தவிச்சுப் போயிரும். டீச்சர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றேன். "ஒரு நாளைக்குத்தானுங்க. ஆடிட் முடிஞ்சதும் நானே கொண்டாந்து மாட்டிடறேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. குடையை ஒரு பெரிய பாலித்தீன் பையில் பத்திரமாகப் போட்டு, சீட்டு ஒட்டி, செக்யூரிட்டி அறையில் கொடுத்துவைத்தார்.

பக்கத்தில் நான் இருக்கிறேனே, சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். காலையில் வந்து பார்த்தால் என் மேஜையை அங்கே காணோம். அதன் ஒரு கால் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றதாம். அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால், அறையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். தங்கச்சி புதுச் சுடிதாரில் வந்தாள். நேரே ஜன்னலைப் பார்த்தாள். நான் ஓடிப்போய், "கொடை கீழ இருக்குட்டி தங்கச்சி. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றேன். தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டுகிறவள் அவள். உட்கார்ந்து வேலையும் ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் என்னை என் இடத்துக்கு விரட்டினார். பெட்டிகளுக்கு மேலாக எம்பிப் பார்த்தபோதெல்லாம் அவள் தலை தெரிந்தது.

டீ மணி அடித்தது. மற்ற நாட்களில் எல்லாரும் கீழே இறங்குவோம். அன்றைக்கு ஆடிட் விருந்தாளிகள் வருவதால் டீயை அவரவர் இடத்துக்கே கொண்டுவந்தார்கள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன். ஸ்டூல் காலியாக இருந்தது, டிபன் பையையும் காணோம். அவள் போட்டுவைத்த பைகள் மேஜை மேல் வரிசையாக இருந்தன. கழுத்தெல்லாம் மேலே, ஸ்டிக்கரெல்லாம் முன்னால். நான் படியில் பாதி இறங்கும்போதே மேனேஜர் விருந்தாளிகளோடு ஏறி வந்தார். அந்த ஸ்டூலுக்கு முன்னால் நின்று, ஒரு நொடி தடுமாறி, "டுடே லீவ்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கேட்டுக்குப் போய் விசாரித்தால், செக்யூரிட்டி அண்ணன் விருந்தாளிகளின் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவளைக் கவனிக்கவில்லை என்றார். குடை அவருக்குப் பின்னால், சுவரோரம் சாய்ந்திருந்தது.

அந்தப் பகலை நான் விவரிக்கப் போவதில்லை. டீச்சர் தகவல் தெரிந்து ஓடிவந்தார். அண்ணன் பைக்கில் தெருத்தெருவாகத் தேடினார். அவளுடைய அம்மா வீட்டு வாசலிலேயே முருகா முருகா என்று உட்கார்ந்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் திருமுருகன்பூண்டியில் இருந்து போன் வந்தது. சிலை செதுக்கும் பட்டறைக்காரர் ஒருவர் அடையாள அட்டையில் இருந்த கம்பெனி நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். வேன் போகிற வழியிலேயே நடந்திருக்கிறாள். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டாள். நாங்கள் போனபோது பாதி செதுக்கிய பிள்ளையாருக்குப் பக்கத்தில், கையில் பன்னோடு உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதார் முழுக்கக் கல்தூள். ஒரு செருப்பு அறுந்து, அந்தக் காலில் ரத்தம் காய்ந்திருந்தது. ஏன் கண்ணு வெளியே வந்தீங்க என்று டீச்சர் கேட்டார். "டீச்சர் போயிட்டீங்க. அதான் நானும் ஊட்டுக்குப் போறனுங்க" என்றாள், இதில் என்ன கேள்வி என்பதைப் போல.

அண்ணன் சத்தம் போட்டிருந்தால் நாங்கள் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்போம், அழுதிருப்போம், காலில்கூட விழுந்திருப்போம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கையைக் கூப்பினார். "உங்களை ஒண்ணும் கொறை சொல்லலீங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. ஆனா போதுமுங்க. எங்கம்மா இன்னொருக்கா இதைத் தாங்க மாட்டாங்க" என்றார். இந்த ஊர் மரியாதையைப் போல ஒரு கெட்டியான கதவை நான் எங்கேயும் கண்டதில்லை. டீச்சர் பிறகு பல தடவை அந்த வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். தங்கச்சியை மட்டும் அனுப்பவில்லை. அவர்களையும் நான் எப்படிக் குறை சொல்ல? பெற்றவளுக்கு அந்தப் பகல் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கும் தெரியும். கம்பெனி ஆடிட்டில் பாஸாகிவிட்டது. எல்லாருக்கும் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள்.

அந்த இளைஞர் சொன்ன வாக்குப்படி மறுநாளே குடையை எடுத்து வந்து மாட்டப் போனார். அடியில் யார் உட்கார்வது? டீச்சரிடம் நீட்டினால் அவர் வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டுங்க. அவங்க வந்தா மாட்டோணுமல்லங்க" என்றார். பிறகு அந்த மஞ்சள் நூலைத் தடவிவிட்டு, "கொடை இருந்தா நான் இருக்கறேன்னு சொன்னேன். கொடை இல்லைன்னா என்னன்னு சொல்லிக்குடுக்கறதுக்குள்ள எடுத்துட்டாங்களே" என்றார். இன்னும் ஒரு மாதம், அவர் கையாலேயே மெல்ல மெல்ல எடுத்திருந்தால், தங்கச்சி இன்றைக்கும் என் செக்‌ஷனில்தான் இருப்பாள். இதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தோம், அதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம்.

வருஷங்கள் ஓடின. அறக்கட்டளைக்குப் பணம் வருவது நின்று அந்த வேலையை மூடிவிட்டார்கள். டீச்சர் கொமரலிங்கத்துக்கே போய்விட்டார். பண்டிகைக்குப் பண்டிகை போனில் பேசுவார், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் "அவங்களைப் பாத்தீங்களா?" என்றுதான் முடியும். இந்த ஆண்டு அவர் இறந்துபோனார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அமராவதியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்ததில் இருந்து என் பீரோவுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்ற குடை என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. இது என்னுடையது இல்லை, யாருக்கு உரியதோ அவளிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போனேன்.

அம்மா தளர்ந்திருந்தார். அண்ணனுக்கு மீசை நரைத்திருந்தது. அதே மரியாதை, அதே காபி. தங்கச்சி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கனத்து, முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் கையில் இருந்த குடையைப் பார்த்தாள். எழுந்து வந்து மஞ்சள் நூலைத் தொட்டாள். எனக்குப் பின்னால் வாசல் வரைக்கும் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பழையதை ஞாபகப்படுத்தி அழவைத்துவிட்டேனோ என்று நான் பதறினேன். திரும்பி வந்தபோது அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பிளாஸ்டிக் பழுத்துப்போய், உள்ளே இருந்த போட்டோ வெளுத்து, முகமே தெரியவில்லை. ஒரு கையில் டிபன் பை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "டீச்சர் வந்துட்டாங்க. போலாமுங்க அக்கா" என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் இனி வரமாட்டார் என்பதை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைட்டி தங்கச்சி. கம்பெனி லீவு" என்றேன். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான். அவள் நிதானமாக யோசித்தாள். "அப்ப நாளைக்குங்க" என்றாள். என் கையில் இருந்து குடையை வாங்கிக்கொண்டு போய், அந்த வீட்டு ஜன்னல் கம்பியில் தானே மாட்டினாள்.

மறுநாளே மேனேஜரிடம் கேட்டேன். இப்போது வேறு மேனேஜர், நல்லவர்தான். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கூட உட்கார்ந்து பழக்க ஒரு ஆள் வேண்டுமே என்றார். அப்படி ஒரு ஆள் இப்போது யார் இருக்கிறார்கள்? நான் இரண்டு லைனுக்கு சூப்பர்வைசர். ஷிப்மென்ட் நாளில் என் சாப்பாட்டு டப்பாவையே திறக்க நேரம் இருக்காது. ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். "ரொம்ப சந்தோசமுங்க அக்கா. யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்மாதான் அவ்வப்போது போனில் பேசுகிறார். குடையை யாரும் எடுக்கக் கூடாது என்கிறாளாம். தினமும் காலையில் குளித்துவிட்டு அட்டையை மாட்டிக்கொண்டு, டப்பா கட்டிக் கொடுக்கச் சொல்லி நிற்கிறாளாம். அம்மாவும் கட்டிக் கொடுத்துவிடுகிறாராம், வேறு என்ன செய்ய என்கிறார். மத்தியானம் ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, முதல் வாய்ச் சோற்றை எடுத்துப் பக்கத்தில் நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அப்புறம் தானே சாப்பிட்டுக்கொள்கிறாளாம்.